கோபிசெட்டிபாளையம் வட்டத்தின் நிலப் பதிவேடுகள்: கணக்குக் கட்டிலிருந்து தரவுத்தளம் வரை

கோபிசெட்டிபாளையம் வட்டத்தின் நிலப் பதிவேடுகள் என்பவை, ஈரோடு மாவட்டத்தின் அவ்வட்டத்தைச் சேர்ந்த வருவாய்க் கிராமங்களின் நிலம், பட்டாதாரர், தீர்வை, சாகுபடி ஆகியவற்றைக் குறிக்கும் அட்டவணைகளின் தொகுப்பாகும். கிராமக் கணக்குகளாக எழுதப்பட்ட இவை 1979-க்குப் பின் புதிய பதிவேடுகளாகவும், பின்னர் கணினித் தரவுத்தளமாகவும், அதன் பிறகு மாநிலம் முழுமைக்குமான இணையத் தரவுத்தளத்தின் ஒரு பகுதியாகவும் மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏராளமான அட்டவணைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிசகாமல் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மென்பொருள் துறையினர் இன்று டேட்டா பைப்லைன் என்று அழைக்கும் வேலை இதுவே. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்பவருக்கும், பாகம் பிரிப்பவருக்கும், நிலத்தை விற்பவருக்கும் பட்டாவில் உள்ள பெயர்தான் ஆதாரம் என்பதால், இந்த மாற்றத்தில் ஒரு வரி விடுபடுவது சிறிய விஷயமல்ல.

பழைய கிராமக் கணக்குகள்

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின் கொங்குப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் தொடங்கிவைத்த ரயத்துவாரி முறை இங்கும் நிலைபெற்றது. அம்முறையில் அரசுக்கும் உழவருக்கும் இடையே ஜமீன்தார் இல்லை. எனவே ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண், ஓர் அளவு, ஒரு தீர்வை, ஒரு பெயர் தேவைப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1858-இல் நில அளவைக்கும் நிலவரித் திட்டத்துக்கும் தனித்துறை ஏற்பட்ட பிறகு இந்தப் பதிவு ஒரே சீரான வடிவத்தைப் பெற்றது.

இதில் அடிப்படையானது 'அ' பதிவேடு. புல எண், உட்பிரிவு, ரயத்துவாரியா இனாமா புறம்போக்கா, நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை வீதம், பரப்பு, மொத்தத் தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் என்று அதன் கலங்கள் வரிசையாக அமைந்திருக்கும். பட்டாதாரர் வாரியாக அதே செய்தியைத் திருப்பி அடுக்கினால் சிட்டா கிடைக்கும். ஆண்டுதோறும் எந்தப் புலத்தில் என்ன விளைந்தது என்று எழுதுவது அடங்கல்.

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கருக்குப் பாய்பவை. 1950-களில் கீழ்பவானித் திட்டம் முடிந்து மேலும் 2,07,000 ஏக்கருக்குப் பாசன வசதி வந்தது. ஆற்று வாய்க்கால் நஞ்சை, கீழ்பவானிப் பாசனம், கிணற்றுப் பாசனம், மானாவாரி என நான்கு வகை நிலமும் பக்கம்பக்கமாக இருக்கும் இப்பகுதியில் கணக்கு எழுதுவது எளிய வேலையல்ல. என்றாலும் பாரியூர் நஞ்சைக்கும் சிறுவலூர்ப் பக்கத்துப் புஞ்சைக்கும் படிவம் ஒன்றே. இந்தப் பொதுவான படிவம்தான் பிற்காலத்தில் நிகழ்ந்த எல்லா மாற்றங்களையும் சாத்தியமாக்கியது. கிராமத்துக்கு ஒரு படிவம் என்று விட்டிருந்தால் எந்தக் கணினியாலும் அவற்றை ஒன்றுசேர்த்திருக்க முடியாது.

வருவாய்த் தீர்வாயம் என்னும் ஜமாபந்தியில் ஆண்டுக்கு ஒருமுறை இக்கணக்குகள் வட்ட அலுவலகத்தில் சரிபார்க்கப்படும். கிராமத்தின் மொத்தப் பரப்பு, மொத்தத் தீர்வை ஆகியவை முந்தைய ஆண்டோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் எந்த உத்தரவால் மாறியது என்று காட்ட வேண்டும். கணக்கு பசலி ஆண்டில் நடக்கும். பசலி ஜூலை 1-இல் தொடங்குவதால், 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை உள்ள ஆண்டு பசலி 1434 ஆகும். ஆண்டு என்று மட்டும் எழுதப்பட்ட கலத்தைக் கணினியில் ஏற்றும்போது அது பசலியா ஆங்கில ஆண்டா என்று கேட்டுக்கொள்ளாமல் போனால் குழப்பம் நிச்சயம்.

1979 முதல் 1987 வரை

முதல் பெரிய இடமாற்றம் கணினி வருவதற்கு முன்பே நடந்தது. நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம், அதாவது மக்கள் வழக்கில் யூ.டி.ஆர்., 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை தமிழ்நாடெங்கும் நடந்தது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், நிலத்தைப் பேரன் உழுதுகொண்டிருப்பார். இடையில் நடந்த பாகப்பிரிவினைகளும் கிரயங்களும் கணக்கில் ஏறியிருக்காது. அந்த இடைவெளியை நிரப்பி, நடப்பு அனுபவத்தின்படி புதிய 'அ' பதிவேடும் சிட்டாவும் எழுதுவதே நோக்கம்.

இதே காலத்தில் வேறு இரண்டு மாற்றங்களும் சேர்ந்துகொண்டன. 1979 செப்டம்பரில் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பெரியார் மாவட்டம் பிரிந்தது. கோபிசெட்டிபாளையம் அதன் பகுதியானது. 1980 நவம்பர் 14 அன்று பரம்பரையாகவும் பகுதிநேரமாகவும் இருந்த கிராம அலுவலர் பதவிகளைத் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் மூலம் ஒழித்தது. கணக்குப்பிள்ளையும் மணியகாரரும் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இதை எதிர்த்த வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. சமூக நீதி நோக்கில் அந்த ஒழிப்பு சரியானதே. ஆனால் தரவு என்ற கோணத்தில் ஓர் இழப்பும் இருந்தது. எந்தப் புலத்துக்கு எந்த வாரிசு, எந்த உட்பிரிவு வாய்மொழியாக மட்டும் பிரிக்கப்பட்டது என்பவை கணக்குப்பிள்ளையின் நினைவில்தான் இருந்தன. பதிவேட்டைக் கைமாற்றலாம், நினைவைக் கைமாற்றுவதற்குப் படிவம் கிடையாது.

அளவை முறையும் மாறியது. ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏரும் ஆயின. ஒரு சென்ட் 0.4047 ஏர். 2 ஏக்கர் 37 சென்ட் நிலம் கணக்குப்படி 95.91 ஏர் வரும். அதை 96 என்று முழுமையாக்கினால் ஏறக்குறைய 9 சதுர மீட்டர் கூடும். ஒரு புலத்தில் இது பெரிதாகத் தெரியாது. நானூறு புலங்கள் உள்ள கிராமத்தில் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும்போது பழைய மொத்தத்துக்கும் புதிய மொத்தத்துக்கும் இடையில் ஒரு வேறுபாடு நிற்கும். அது முழுமையாக்கலால் வந்ததா, ஒரு உட்பிரிவு விடுபட்டதால் வந்ததா என்று மொத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய புல எண்ணையும் புதிய புல எண்ணையும் அருகருகே காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் இதனால்தான் இன்றும் வழக்கறிஞர்களாலும் பத்திர எழுத்தர்களாலும் தேடப்படுகிறது.

கணினிக்கு மாறுதல்

அட்டவணைகளைக் கணினியில் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் வகுத்தளித்தார். ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் ஒரு திறவுகோல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. கிராமக் கணக்கில் கிராமம், புல எண், உட்பிரிவு எண் மூன்றும் சேர்ந்து அத்தகைய திறவுகோலாக நூறாண்டுகளாகவே இருந்துவந்தன.

நடுவண் அரசு நில ஆவணங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை 1988-89-இல் எட்டு மாநிலங்களில் தலா ஒரு மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கியது. அந்த எட்டில் தமிழ்நாடு இல்லை. பின்னர் தேசிய தகவலியல் மையம் தமிழ்நாட்டுக்காக 'தமிழ் நிலம்' மென்பொருளை உருவாக்கியது. முதலில் அது வட்ட அலுவலகக் கணினிகளில் இயங்கியது. பின்னர் இணையவழிக்கு மாறி, 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசின் மின்சேவைத் தளம் வழியாகப் பட்டாவும் 'அ' பதிவேட்டுப் பகுதியும் எவரும் பார்க்கக் கூடியவையாயின. புலப்படங்களைக் கணினியில் வரைவதற்குக் 'கொலாப்லேண்ட்' என்ற மென்பொருள் பயன்பட்டது.

சத்தியமங்கலம் மலைக்கு அப்பால், கர்நாடகத்தில் ஏறக்குறைய அதே காலத்தில் 'பூமி' திட்டம் 177 வட்டங்களில் நடந்தது. கணினிப்பதிவு முடிந்த வட்டத்தில் கையெழுத்துப் படி செல்லாது என்று அங்கே அறிவிக்கப்பட்டது. கடுமையான முடிவாகத் தோன்றினாலும் அதில் ஒரு நியாயம் உண்டு. கைப்பதிவும் கணினியும் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தால், இரண்டிலும் வெவ்வேறு திருத்தங்கள் ஏறி, எது மூலம் எது நகல் என்பதே தெரியாமல் போய்விடும்.

பல அட்டவணைக்கு ஒரே வாய்க்கால்

வட்டத்துக்கு வட்டம் தனித்தனியாக இருந்த அட்டவணைகளை ஒரே தரவுத்தளத்துக்குள் கொண்டுசேர்ப்பது எப்படி? இது நில ஆவணங்களுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. வங்கி, மின்வாரியம், மருத்துவமனை என எங்கும் எழுவது. எளிதாகத் தோன்றும் வழி, அட்டவணைக்கு ஒரு நிரல் எழுதுவது. ஒரு வட்டத்தில் பத்து அட்டவணைகள் என்று வைத்துக்கொண்டால், 200 வட்டங்களுக்கு 2,000 நிரல்கள். ஒரு விதி மாறினால் இரண்டாயிரத்தையும் திறந்து திருத்த வேண்டும். வயலுக்கு வயல் தனிக் கிணறு வெட்டுவதைப் போன்ற வேலை இது.

கோபி வட்டாரத்து உழவருக்கு வேறு வழி பழக்கமானது. ஒரே வாய்க்கால், வழியெங்கும் மதகுகள். எந்த மதகு எப்போது எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பது முறைப்பட்டியலில் இருக்கும். மறுபயன்பாட்டுக்குரிய தரவு வாய்க்காலும் அப்படித்தான் அமைக்கப்படுகிறது. நகர்த்தும் நிரல் ஒன்றே ஒன்று. அதற்கு எந்த அட்டவணையின் பெயரும் தெரியாது. பெயர்கள் எல்லாம் ஒரு கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும்: மூல அட்டவணை எது, சேருமிடம் எது, திறவுகோல் எந்தக் கலங்கள், பழைய கலத்துக்கு நேரான புதிய கலம் எது, ஏக்கரை ஏராக்க வேண்டுமா, எழுத்துக் குறியீட்டை மாற்ற வேண்டுமா, முழுவதையும் எடுக்க வேண்டுமா அல்லது கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் மாறிய வரிகள் மட்டும் போதுமா. புதிய அட்டவணை வந்தால் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். நிரலைத் தொட வேண்டியதில்லை.

வரிசைமுறையும் பட்டியலில்தான் வரும். மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றின் பெயர்ப்பட்டியல்கள் முதலில் போக வேண்டும், அடுத்துப் பட்டாதாரர், அதன்பின் புலங்கள். புலம் முந்திப்போனால் அது சுட்டும் பட்டா எண் சேருமிடத்தில் இருக்காது.

நாற்பதாவது கிராமத்தில் மின்சாரம் போய்விட்டது என்று கொள்வோம். மீண்டும் ஓட்டும்போது முதல் 39 கிராமங்களின் வரிகள் இரட்டிக்கக் கூடாது. இதற்காகக் கிராமம்தான் ஒரு தவணை என்று வைத்து, அக்கிராமத்தின் பழைய வரிகளை நீக்கிவிட்டுப் புதியவற்றை முழுமையாக எழுதி, எழுதி முடிந்த பிறகே 'முடிந்தது' என்று குறிப்பார்கள். எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும்.

ஏற்க முடியாத வரிகளைத் தூக்கி எறியவும் கூடாது, சத்தமில்லாமல் உள்ளே விடவும் கூடாது. அவற்றுக்கென ஒரு தனி அட்டவணை வைத்து, காரணத்தோடு நிறுத்தி வைப்பது முறை. பட்டா எண் இல்லாத புலம், பரப்பு பூச்சியமான உட்பிரிவு, ஒரே உட்பிரிவு எண் இருமுறை வருவது ஆகியவை அங்கே போய் நிற்கும். கிராம நிர்வாக அலுவலர் பார்த்துத் தீர்க்க வேண்டியவை அவை. நிரல் எழுதுபவர் ஊகித்து நிரப்பக் கூடாதவை.

சரிபார்ப்புக்குக் கணினித்துறை புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றே சொல்லலாம். மூலத்தில் எத்தனை வரிகள், சேருமிடத்தில் எத்தனை வரிகள். இங்கே மொத்தப் பரப்பு எவ்வளவு, அங்கே எவ்வளவு. தீர்வை மொத்தம் ஒத்துவருகிறதா? ஜமாபந்தியில் கணக்குப்பிள்ளையிடம் கேட்கப்பட்ட அதே மூன்று கேள்விகள்தாம்.

இதற்கிடையில் புல எண்ணே ஒரு தொல்லை. 12/3 என்பது பன்னிரண்டாம் புலத்தின் மூன்றாம் உட்பிரிவு. அதை விரிதாள் மென்பொருளில் அப்படியே தட்டினால், மென்பொருள் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். 245/2ஏ1 போன்றவை தப்பிக்கும். 5/1, 7/2 போன்ற சின்ன எண்கள் மாட்டிக்கொள்ளும். புல எண் எண்ணல்ல, எழுத்து என்று கட்டுப்பாட்டுப் பட்டியலிலேயே சொல்லிவிடுவதுதான் இதற்கு மருந்து.

எழுத்துக் குறியீடு

தமிழ்ப் பெயர்கள் கொண்ட அட்டவணைக்கு இன்னொரு கட்டம் கூடுதலாக உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தாம், தாப் குறியீடுகளைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில் யூனிகோடும் டேஸ் 16-உம் அரசின் தரங்களாயின. இடைப்பட்ட பத்தாண்டுகளில் பழைய குறியீட்டில் தட்டப்பட்டவை அனைத்தும் மாற்றப்பட வேண்டியவை ஆயின.

ஓர் எழுத்துக்கு இன்னோர் எழுத்தை வைத்து மாற்றும் வேலை அல்ல இது. கோபிசெட்டிபாளையம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பழைய குறியீட்டில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பு நடக்கும்: முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முதலில் வரும், ஓகாரக் குறி பின்னால் வரும். 'செ', 'ளை' ஆகியவற்றிலும் முன்னால் நிற்கும் குறி பின்னுக்குப் போக வேண்டும். வெறுமனே ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் பெயர் திரையில் சிதைந்து தெரியும். யூனிகோடுக்குள்ளும் 'கொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. தேடும் கணினிக்கு வேறு வேறு. இந்த மாற்றியை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பட்டாதாரர் பெயர், தகப்பனார் பெயர், கிராமப் பெயர் என எல்லாக் கலங்களுக்கும் அதே போதும். மறுபயன்பாட்டின் பயன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இது.

பழனிசாமியும் பழனிச்சாமியும் ஒருவரா என்ற கேள்விக்கு மட்டும் எந்த மாற்றியாலும் விடை சொல்ல முடியாது. கொங்கு நாட்டுச் சிட்டாக்களில் இந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

எல்லைகள் மாறியபோது

பெரியார் மாவட்டம் 1996-இல் ஈரோடு மாவட்டம் ஆனது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரம், காங்கேயம் வட்டங்கள் ஈரோட்டை விட்டுப் போயின. அதன் பிறகு கோபிசெட்டிபாளையம் வட்டத்திலிருந்தே நம்பியூர் வட்டம் பிரிந்தது. நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் மாவட்டக் குறியும் வட்டக் குறியும் திறவுகோலின் பகுதியாக இருந்தால், அக்கிராமங்களின் ஒவ்வொரு வரியும் புதிய முகவரிக்கு மாற வேண்டும். பழைய குறி, புதிய குறி, மாறிய நாள் என்ற மூன்று கலங்கள் கொண்ட சிறிய பட்டியல் ஒன்று இருந்தால் அதே வாய்க்காலைக் கொண்டே இதைச் செய்யலாம். பழைய குறியை அழித்துவிட்டால் பிரிவினைக்கு முந்தைய ஆவணத்தோடு ஒப்பிட வழியிருக்காது.

பதிவுத்துறையோடு இணைப்பு

நிலத்தை விற்பது பதிவுத்துறையில் நடக்கிறது. பட்டா மாறுவது வருவாய்த்துறையில். இரண்டுக்கும் தனித்தனி அட்டவணைகள், தனித்தனி எல்லைகள். சார்பதிவகத்தின் எல்லையும் வட்டத்தின் எல்லையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பதிவுத்துறையின் 'ஸ்டார்' திட்டம் 2000-ஐ ஒட்டித் தொடங்கி, அதன் இரண்டாம் பதிப்பு 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1975 முதலான வில்லங்க விவரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களில் பத்திரம் பதிவானதும் விவரம் தமிழ் நிலத்துக்குச் சென்று பட்டா மாறும் ஏற்பாடும் வந்துள்ளது. இங்கே தரவு ஒருமுறை நகர்ந்து நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் நகர்கிறது. கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் மாறியவை மட்டும் என்ற விதி இத்தகைய இடத்துக்கு உரியது.

யூ.டி.ஆர். பிழைகள்

வரி எண்ணிக்கையும் மொத்தமும் ஒத்துப்போவதால் பதிவு உண்மை என்று ஆகிவிடாது. யூ.டி.ஆர். காலத்தில் அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் பெயர் விடுபட்டிருந்தால், புலங்களின் எண்ணிக்கை குறையாது, பரப்பும் குறையாது. 1987-இல் எழுதிய பிழை வட்டக் கணினிக்கும், அங்கிருந்து இணையத் தரவுத்தளத்துக்கும் துல்லியமாக நகலெடுக்கப்பட்டுப் போயிருக்கும். அச்சிட்ட பட்டாவில், மின்கையொப்பத்தோடு வரும்போது அந்தப் பிழைக்கு முன்பு இல்லாத மதிப்பும் சேர்ந்துவிடுகிறது. கைப்பதிவேட்டில் அடித்தல் திருத்தலைப் பார்த்துச் சந்தேகப்பட முடிந்தது. திரையில் எல்லா வரிகளும் ஒரே அழகில் நிற்கின்றன. விடுபட்ட தம்பியின் பிள்ளைகள் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இப்பிழைகளைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மேல்முறையீட்டு மனு அளிப்பது வழக்கமான நடைமுறை. மனுதாரர் கொண்டுவர வேண்டியவற்றில் முக்கியமானது யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல். கோபிசெட்டிபாளையம் வட்டத்தைப் பொறுத்தவரை அந்த நகலின் தலைப்பில் மாவட்டம் என்ற இடத்தில் கோயம்புத்தூர் என்றிருக்கும். பரப்பு ஏக்கரில் இருக்கும். அதில் உள்ள புலத்துக்கு இன்றைய எண் எது என்று காட்ட ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்து இணைக்க வேண்டும்.